குப்பைமேட்டுக்கும் சாதி உண்டு

குப்பைமேடு நிரம்பிவிட்டது, கொள்ளளவு முடிந்துவிட்டது, விரிவாக்கம் தேவை என்று அதிகாரிகள் பேசத் தொடங்கினால் உடனே கணக்கு வரும். இத்தனை ஏக்கர், இத்தனை லட்சம் டன், இத்தனை ஆண்டுகள். ஒரு கணக்கு மட்டும் வராது. அந்த இடத்தைச் சுற்றி வாழ்கிறவர்கள் யார் என்ற கணக்கு.

அந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், ஹாரிஸ் கவுண்டி, ஹூஸ்டன் நகரம். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நார்த்வுட் மேனரில் தனியார் குப்பைமேடு வருவதை எதிர்த்து மக்கள் 1979-ல் வழக்குப் போட்டார்கள். வழக்கறிஞர் லிண்டா மெக்கீவர் புல்லார்ட். அவருக்காகத் தரவு திரட்டியவர் அவருடைய கணவர், சமூகவியலாளர் ராபர்ட் புல்லார்ட். அந்நகரம் அதுவரை எங்கெங்கே குப்பை கொட்டியது என்று தேடினார் அவர். நகராட்சிக்குச் சொந்தமான ஐந்து குப்பைமேடுகளும் கறுப்பர் பகுதிகளில் இருந்தன. எட்டு எரிஉலைகளில் ஆறும் அங்கேதான். நகர மக்கள்தொகையில் கறுப்பர்களோ கால் பங்கு.

இவ்வளவு ஆதாரம் இருந்தும் வழக்கு 1985-ல் தோற்றது. பாகுபாடு காட்டும் நோக்கம் நிரூபிக்கப்படவில்லையாம்.

இந்த 'நோக்கம்' நமக்குப் புதிதா? எந்தக் கோப்பிலும் "சேரிப் பக்கம் கொட்டு" என்று எழுதியிருக்க மாட்டார்கள். "நிலமதிப்பு குறைவு", "புறம்போக்கு", "மாற்றிடம் இல்லை" என்றுதான் எழுதியிருப்பார்கள். நிலமதிப்பு ஏன் குறைந்தது? நம்மை ஒதுக்கி வைத்த இடம் என்பதால் குறைந்தது. அங்கே குப்பை கொட்டியதால் இன்னும் குறைந்தது. இன்னும் குறைந்ததால் விரிவாக்கமும் அங்கேயே. சாதி இப்படித்தான் தன் பெயரைச் சொல்லாமல் திட்டமாகிறது.

சென்னைக்கு வாருங்கள். மாநகராட்சியின் 1 முதல் 8 வரையிலான மண்டலங்களின் குப்பை கொடுங்கையூருக்குப் போகிறது. எட்டாவது மண்டலம் அண்ணா நகர். அகலமான சாலையும் பூங்காவும் அண்ணா நகருக்கு. அதன் குப்பை மட்டும் தலித்துகளும் உழைக்கும் மக்களும் நெருக்கி வாழும் வடசென்னைக்கு.

"இப்போதுதான் பயோமைனிங் செய்து மலையைக் கரைக்கிறார்களே" என்பார்கள். கரைக்கட்டும், வரவேற்கிறோம். ஆனால் மீட்ட நிலத்தில் என்ன வரப்போகிறது? நாளொன்றுக்கு 2,100 டன் குப்பையை எரிக்கும் உலை என்று திட்டம் போடுகிறார்கள். நிலத்தில் இருந்த குப்பையைக் காற்றில் ஏற்றி அதே மக்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்குப் பெயர் தீர்வா?

"எல்லோரும்தான் குப்பை போடுகிறோம், எங்காவது கொட்டத்தானே வேண்டும்" என்கிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உண்மை, எல்லோரும் போடுகிறோம். எல்லோரும் அதை முகரவில்லையே! குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டும், மக்கும் குப்பையை உரமாக்க வேண்டும், மிச்சம் மட்டுமே நிலத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னது 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள். குடியிருப்பிலிருந்து 200 மீட்டர் தள்ளியே குப்பைமேடு அமைக்க வேண்டும் என்றதும் அவையே. இதையெல்லாம் செய்திருந்தால் பாதிக் கொள்ளளவுப் பஞ்சம் வந்தே இருக்காது. ஏன் செய்யவில்லை? பிரிக்காமல் கொட்டினாலும் தட்டிக்கேட்க முடியாத ஒரு மக்கள் கூட்டம் இருக்கிறது என்ற துணிச்சல். அவர்கள் உண்மையில் அளந்து வைத்திருக்கும் கொள்ளளவு நம் பொறுமையின் கொள்ளளவு.

நாங்கள் கேட்பது மூன்று. குப்பைமேடோ எரிஉலையோ புதிதாக வந்தாலும் விரிந்தாலும், சுற்றி வாழ்கிறவர்களின் சாதி, வருமான விவரத்தை முதலில் வெளியிடுங்கள். ஒவ்வொரு மண்டலத்தின் குப்பையையும் அந்த மண்டலத்திலேயே பிரித்து முடியுங்கள், அண்ணா நகர் உட்பட. குப்பையை வெறுங்கையால் பொறுக்கி நகரத்தின் சுமையைக் குறைப்பவர்களுக்கு அடையாள அட்டையும் ஊதியமும் மருத்துவமும் கொடுங்கள்.

இதைச் செய்யாமல் விரிவாக்க வரைபடத்தோடு வருகிறவர்களிடம் நாம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது. உங்கள் தெருவில் இடம் இல்லையா?