பழைய ஜீப் வண்டியின் விக்கிரயமும் பெயர் மாற்றமும்

நிலத்தை விற்கும் மிராசுதார் எவரும் பத்திரம் பதிவாகாமல் சுவாதீனத்தை விட்டுக் கொடுப்பதில்லை. வாங்கியவரும் பட்டா தம் பெயருக்கு மாறும் வரையில் ஓய்வதில்லை. ஒரு சென்ட் நிலத்திற்கும் இவ்வளவு ஜாக்கிரதை காட்டுகிற அதே மனிதர், லக்ஷக்கணக்கில் பெறுமானமுள்ள ஜீப் வண்டியை விற்கும்போது மட்டும், சந்தையில் காளையை விற்றவர் கயிற்றைக் கைமாற்றிக் கொடுப்பதுபோலச் சாவியைக் கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறார். பூர்த்தி செய்யாத பாரங்களில் கையெழுத்து மட்டும் போட்டுத் தரகரிடம் ஒப்படைப்பது பல ஊர்களில் வழக்கமாகவே இருந்து வருகிறது. இவ்வழக்கம் அறவே கைவிடத்தக்கது.

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி வேளாண்மைக்கு எவ்வளவு உதவியானது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. யுத்தத்திற்கென்று செய்யப்பட்ட ஜீப்பை, அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனியார் 1945-ம் வருஷத்திலேயே குடியானவர்களின் உபயோகத்திற்கேற்ப மாற்றி ஸி.ஜே.-2ஏ என்னும் பெயரால் விற்கத் தொடங்கினர். மழைக்காலத்தில் சேறாகிவிடும் வண்டிப்பாதையிலும், மலைச்சரிவுத் தோட்டங்களிலும், எருவும் விதையும் விளைபொருளும் ஏற்றிச் செல்ல இதற்கு ஈடான வண்டி அரிது. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்கள் ஜீப்புகளிலேயே சென்று வருகின்றனர். சிற்றூர்ப் பட்டறையிலும் பழுது பார்க்கக்கூடியதாகையால், பழைய வண்டிக்கும் கிராக்கி குறைவதில்லை. ஆகவே ஒரே வண்டி மூன்று நான்கு கைகள் மாறிச் செல்வது சாதாரணம். ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது.

1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி பார்த்தால், பணம் பெற்று வண்டியை ஒப்படைத்ததும் விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே விக்கிரயம் முடிந்துவிடலாம். ஆனால் 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரையே உரிமையாளர் என்கிறது. அச்சட்டத்தின் 50-வது பிரிவின்படி, அதே ராஜ்யத்தில் பதிவான வண்டியானால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்கு அறிவித்தாக வேண்டும். விற்பவரின் அறிவிப்பு 29-ம் நமூனாவிலும், பெயர் மாற்ற விண்ணப்பம் 30-ம் நமூனாவிலும் செய்யப்படும். வெளி ராஜ்யத்தாருக்கு விற்றால், 28-ம் நமூனாவில் ஆட்சேபணையில்லை என்னும் சான்றும் தேவை.

இவற்றைச் செய்யாமல் விடுவதால் என்ன நேரிடும் என்பதற்கு 2018-ம் வருஷம் உச்சநீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பே போதிய சான்று. 2007-ம் வருஷத்தில் ஒருவர் தம் வண்டியை விற்றார். அது மேலும் சில கைகள் மாறிற்று. பதிவில் மட்டும் அவர் பெயரே நின்றது. 2009-ம் வருஷம் அவ்வண்டியால் விபத்து நேர்ந்து ஒரு குழந்தை இறந்தது. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. விற்றுப் பல மாதங்களாயின என்று அவர் சொன்ன வாதம் முடிவில் பலிக்கவில்லை. பதிவில் பெயருள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று தீர்ப்பாயிற்று. விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள், வண்டி யார் யார் கை மாறிற்று என்று தேடி அலைய வேண்டியதில்லை என்பதே அத்தீர்ப்பின் கருத்து. இறந்தவர் குடும்பத்தை நினைத்துப் பார்க்கின், அது நியாயமே.

நிலமுடையோர் கவனிக்க வேண்டியது மற்றொன்று உண்டு. நஷ்டஈட்டுத் தொகை செலுத்தப்படாவிடில், அதே சட்டத்தின் 174-வது பிரிவின்படி கலெக்டர் அதை நிலவரி பாக்கியைப் போலவே வசூலிக்கலாம். அதாவது, என்றோ விற்றுக் கைகழுவிய வண்டியின் பொருட்டு, பாட்டனார் வைத்துப் போன நன்செய் ஜப்தியாக இடமுண்டு. வண்டிக்குக் கிடைத்த விலையோ அந்த நஷ்டத்தில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

இதற்குச் சிலர் சமாதானம் கூறுவதுண்டு. வாங்குகிறவர் தெரிந்தவர், உறவுமுறையானவர் என்பது ஒன்று. உறவினர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவரிடமிருந்து வாங்குகிறவர் யாரென்று எவர் சொல்ல முடியும்? தரகர் கொடுத்த டெலிவரி ரசீது கையிலிருக்கிறதே என்பது இன்னொன்று. அந்த ரசீதைக் காட்டி வாங்கியவர்மேல் வழக்குத் தொடரலாமேயொழிய, விபத்தில் சிக்கியவருக்கு அது பதிலாகாது. இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்பது மூன்றாவது. விற்பனையோடு இன்ஷூரன்ஸும் வாங்கியவருக்கு மாறியதாகச் சட்டம் கொள்வது உண்மையே. எனினும் அடுத்த வருஷம் அவர் அதைப் புதுப்பிக்காவிட்டால், அல்லது சரக்கு வண்டியில் கூலிக்கு ஆட்களை ஏற்றிச் சென்றால், அப்போது கம்பெனியார் கைவிரிக்கக்கூடும். பதிவில் உள்ள பெயர் மட்டும் கைவிரிக்க இயலாது.

பெயர் மாற்றம் தாமதப்படுவதற்குச் சோம்பல் மட்டும் காரணமன்று. வண்டியின் குறையை மறைத்து விற்பதும் பெரிய காரணமாகும். சுழியும் பல்லும் பார்த்து மாடு வாங்குகிறவர்க்கும், வண்டியின் அடிப்பாகத்திலுள்ள குறை எளிதில் புலப்படாது. ட்ரான்ஸ்பர் கேஸ் எனப்படும் விசை பிரிக்கும் பெட்டியில் தேய்மானம் இருந்தாலும், முன் சக்கரங்களுக்கு விசை செல்லாமற் போயிருந்தாலும், தார் ரஸ்தாவில் ஓட்டிக் காட்டும்போது அது தெரிவதில்லை. முதல் மழையில் சேற்றில் இறக்கியதும் தெரிந்துவிடும். நான்கு டயர்களும் ஒரே அளவில் இல்லாதிருப்பதும், உலர்ந்த தார் ரஸ்தாவில் நான்கு சக்கர விசையைப் பூட்டியே ஓட்டிவந்ததும் பற்சக்கரங்களுக்குக் கேடு விளைவிப்பவை. இவ்வாறு ஏமாந்தவர் மீதிப் பணத்தை நிறுத்தி வைக்கிறார். விற்றவர் காகிதங்களை நிறுத்தி வைக்கிறார். இருவர் வீம்புக்கும் நடுவில் வண்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. பெயரோ பழைய இடத்திலேயே நிற்கிறது. ஆதலால் உள்ள குறையைச் சொல்லி, சேற்று நிலத்திலேயே ஓட்டிக் காட்டி, அதற்கேற்ப விலையைக் குறைத்துக்கொள்வது தர்மம் மட்டுமன்று, லாபமும் ஆகும்.

செய்யத்தக்க முறை எளிதானதே. வண்டிமேல் கடன் இருந்தால் முதலில் அதைத் தீர்த்து, 35-ம் நமூனாவின் மூலம் பதிவிலுள்ள அடமானக் குறிப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று இருவருமாகப் பார்ப்பது நல்லது. சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 வருஷங்களுக்கே செல்லுமாகையால், அந்தக் கெடுவையும் கவனித்தல் வேண்டும். பாரங்களில் வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதப்படாமல் கையெழுத்திடலாகாது. கிரயத்தில் ஒரு பகுதியைப் பெயர் மாறும் நாளில் பெற்றுக்கொள்வதென்று எழுதிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆனால் அது மட்டும் போதாது. விற்றவரே 14 நாட்களுக்குள் அறிவிப்பை அனுப்பி, அதன் அத்தாட்சியைப் பத்திரப்படுத்த வேண்டும். மாற்றம் முடியும் வரையில் இன்ஷூரன்ஸ் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய வண்டி வியாபாரிக்கு விற்பதானால், அவர் 2022-ம் வருஷத்து விதிகளின்படி அங்கீகாரம் பெற்றவரா என்று விசாரித்து, வண்டியை ஒப்படைத்த செய்தி முறைப்படி பதிவு அதிகாரிக்குச் சென்றதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் ஒரு கடமை உண்டு. குடும்பத் தலைவர் காலஞ்சென்றபின், நிலத்தின் பட்டாவை மாற்றிக்கொள்ளும் வாரிசுகள், கொட்டகையில் நிற்கும் ஜீப்பை மறந்துவிடுகின்றனர். உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவித்து, 3 மாதங்களுக்குள் 31-ம் நமூனாவில் விண்ணப்பிக்க வேண்டும். வாரிசுச் சான்றுக்காக விசாரணைக்கு வரும்போதே அதிகாரிகள் இதை ஒரு வார்த்தை எடுத்துச் சொன்னால், பிற்காலத்து வியாஜ்யங்கள் பல தவிரும்.

வண்டி கைமாறுவது ஒரு நாள் வேலை. பெயர் மாறுவதற்குச் சில நாட்கள் பிடிக்கலாம். அந்தச் சில நாட்கள் அலைச்சலுக்கு அஞ்சி, ஆயுள் முழுவதும் பிறர் ஓட்டும் வண்டிக்குப் பிணை நிற்பது விவேகமாகாது.