டோக்கியோக்காரருக்கு யார் பதில் சொல்வது?

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தி. ரசத்துக்காகச் சோற்றில் அணை கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து இலையில் தூரத்து உறவுத் தம்பி, மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட். "ரிட்டயர்மென்ட் பணத்தை டெபாசிட்ல போட்டுத் தூங்க வைக்கறீங்களேண்ணே. லாங் டெர்ம்ல மார்க்கெட் ஏறித்தானே ஆகணும்? பொறுத்தார் பூமி ஆள்வார்ணே" என்றார். வாயில் அப்பளம். அதனால் அங்கே பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஏறித்தான் ஆகணும் என்பது யார் போட்ட சட்டம்? சூரியன் கிழக்கே உதிப்பதுபோலச் சொல்கிறார்கள். சூரியன் உதிக்கும் நாடு என்று பெயரெடுத்த ஜப்பானிலேயே அது பொய்த்தது.

1989 டிசம்பர் 29. நிக்கேய் குறியீடு 38,915-ல் முடிந்தது. உலகப் பங்குகளின் மொத்த மதிப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அன்று ஜப்பானுடையது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரை மிட்சுபிஷி எஸ்டேட் வளைத்துப்போட்டதும் அதே ஆண்டுதான். அந்த நாளில் 40 வயது டோக்கியோக்காரர் ஒருவர் தன் சேமிப்பைச் சந்தையில் போட்டார் என்று வையுங்கள். அவர் பக்கத்திலும் ஒரு தம்பி உட்கார்ந்திருப்பார். 2009 மார்ச்சில் குறியீடு 7,054. அவர் போட்ட 100 யென், 18 யென். வேலையை விட்டு வீட்டுக்குப் போகும் வயதில் கிடைத்த சன்மானம் அது. பழைய உச்சத்தை நிக்கேய் தாண்டியது 2024 பிப்ரவரி 22-ல்தான். 34 ஆண்டுகள். அவருக்கு 74 வயது. இனி பூமியை ஆள வேண்டியதுதான், முழங்கால் ஒத்துழைத்தால்.

டிவிடெண்டைச் சேர்த்தால் கணக்கு மாறும் என்று ஒருவர் கையைத் தூக்குவார். மாதாமாதம் எஸ்.ஐ.பி. போட்டிருந்தால் என்பார் இன்னொருவர். இருவரும் டிக்கெட் எடுத்து டோக்கியோவுக்குப் போய் அந்தப் பெரியவரிடம் சொல்லட்டும்.

ஜப்பான் ஒன்றும் உருப்படாமல் போய்விடவில்லை. டொயோட்டா ஓடியது, சோனி விற்றது. மலிவு வட்டிக் கடனில் நிலமும் பங்கும் ஊதிப் பெருத்திருந்தன. 2.5 சதவீதத்தில் இருந்த வட்டியை 1989 மே முதல் ஏற்றத் தொடங்கி, 1990 ஆகஸ்டில் 6-க்குக் கொண்டுபோனது அந்நாட்டு மத்திய வங்கி. பலூனுக்கு ஊசி அது போதும். நாடு நன்றாக இருப்பது வேறு, நீங்கள் கொடுத்த விலை வேறு. சீனாவைப் பாருங்கள். 2007 அக்டோபரில் 6,000-ஐத் தாண்டிய ஷாங்காய் குறியீடு 2025-லும் அந்த உயரத்தைத் தொடவில்லை. இடையில் அந்நாட்டுப் பொருளாதாரம் பல மடங்கு வளர்ந்துவிட்டது. நம் சென்செக்ஸ் மட்டும் யோக்கியமா? ஹர்ஷத் மேத்தா காலத்தில், 1992 ஏப்ரலில், 4,467. பதினோரு வருடம் கழித்து 3,000 பக்கம் கிடந்தது.

இதையெல்லாம் டிவியில் யாரும் சொல்வதில்லை. கோட்டு போட்டவர் ஜனவரியில் ஆண்டு இறுதி டார்கெட் சொல்கிறார்; மார்ச்சில் மாற்றுகிறார்; டிசம்பரில் உலகச் சூழல் என்கிறார். கிளி ஜோசியக்காரருக்காவது கிளி வளர்க்கும் செலவு உண்டு. வங்கிக்கு டெபாசிட் புதுப்பிக்கப் போனால், கவுண்டர் பெண் இன்ஷூரன்ஸ் பாலிசியை நீட்டுகிறார். பையன்களோ செல்போனில் ஆப்ஷன்ஸ் ஆடுகிறார்கள். 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபியே 2024-ல் அறிவித்தது. மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அவர்களுக்கும் யாரோ ஒரு தம்பிதான் ஆப் இறக்கிக் கொடுத்திருப்பார்.

பஃபெட்டைப் பார் என்பார்கள். பார்த்தேன். அவர் ஜப்பானின் ஐந்து வர்த்தக நிறுவனங்களில் பங்கு வாங்கியதாக அறிவித்தது 2020-ல். டோக்கியோக்காரர் போட்டு 30 வருடம் கழித்து.

தம்பி, அடுத்த பந்தியிலும் என் பக்கத்தில் தாராளமாக உட்கார். லாங் டெர்ம் என்று சொல்வதற்கு முன்னால் எத்தனை வருஷம் என்று ஒரு எண்ணை மட்டும் சொல்லிவிடு. எனக்கு 61 வயது. 34-ஐக் கூட்டினால் 95.