காரின் மூக்கை மாற்றலாமா?

கூடுவது வேகமா, வெறும் சத்தமா?

மனிதனுக்கு மூக்கு இருக்கிறது. காருக்கும் மூக்கு இருக்கிறது!

கார் பெட்ரோலில் ஓடுகிறது என்கிறோம். அது பாதி உண்மைதான். பெட்ரோல் எரிந்தால்தான் கார் ஓடும். எரிவதற்குக் காற்று வேண்டும். அடுப்பை ஊதினால் விறகு பற்றிக்கொள்கிறது அல்லவா? என்ஜினுக்குள் நடப்பதும் அதுதான்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுவதும் எரிய, ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. லிட்டர் கணக்கில் பார்த்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9 ஆயிரம் லிட்டர் காற்று! சென்னைத் தெருக்களில் 9 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி வருகிறதே, அந்த லாரி நிறையக் காற்று. அவ்வளவையும் ஒரு லிட்டர் பெட்ரோலோடு சேர்த்துக் குடித்துவிடுகிறது என்ஜின்.

இந்தக் காற்று உள்ளே போகும் வழிதான் காரின் மூக்கு. முதலில் ஒரு குழாய். அடுத்து ஒரு பிளாஸ்டிக் பெட்டி. பெட்டிக்குள் மடிப்பு மடிப்பாக ஒரு காகிதம். அதற்குப் பெயர் ஏர் பில்டர். காற்றில் உள்ள தூசியை அது வடிகட்டிவிடும். பிறகு இன்னொரு குழாய். அதன் முடிவில் ஒரு சின்னக் கதவு. ஆக்சிலேட்டரை மிதித்தால் கதவு திறக்கும். காலை எடுத்தால் மூடிக்கொள்ளும்.

இந்த மூக்கைக் கழற்றிவிட்டுப் புதிய மூக்கு மாட்டுவது இப்போது வாலிபர்களிடையே ஒரு மோகமாகப் பரவியிருக்கிறது.

கடையில் என்ன விற்கிறார்கள்?

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, புதுப்பேட்டை. டெல்லியில் கரோல் பாக். கார்ச் சாமான் விற்கும் இந்த இடங்களில் புதிய மூக்குகள் கிடைக்கின்றன. செல்போனில் பொத்தானை அமுக்கினால் வீட்டுக்கே வந்தும் சேருகின்றன.

பழைய பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் காகித பில்டருக்குப் பதிலாக எண்ணெய் தடவிய பருத்தித் துணி பில்டரை வைப்பது ஒரு வகை. கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். நல்ல கம்பெனிச் சரக்கு சில ஆயிரம் ரூபாய் ஆகும். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 1969-ல் தொடங்கிய கே அண்ட் என் என்ற கம்பெனி இதற்குப் பெயர் பெற்றது.

பெட்டியையே தூக்கி எறிவது இன்னொரு வகை. அந்த இடத்தில் பளபளக்கும் உலோகக் குழாய். அதன் நுனியில் கூம்பு போன்ற ஒரு பில்டர். சிவப்பு, நீலம் என்று பல நிறங்கள்! பெயர் இல்லாத சரக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. அதிகம் ஆபத்து உள்ளதும் இதுதான்.

"இதை மாட்டினால் குதிரை சக்தி கூடும், மைலேஜும் கூடும்" என்பது வியாபாரிகளின் பேச்சு. உண்மையில் கூடுகிறதா?

சூடான மூச்சு

குளிர்ந்த காற்று நெருக்கமானது. சூடான காற்று லேசானது. குளிர்ந்த காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் நன்றாக எரிந்து சக்தி கிடைக்கும்.

இது கார் தயாரிப்பவர்களுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் பெரும்பாலான கார்களில் முன்பக்கக் கம்பி வலைக்குப் பின்னால், ஹெட்லைட் பக்கத்தில், வெளிக்காற்று படும் இடத்தில் மூக்கின் வாயை வைத்திருக்கிறார்கள்.

கூம்பு பில்டரை மாட்டினால் என்ன ஆகிறது? என்ஜினுக்குப் பக்கத்திலேயே, பானட்டுக்கு அடியில் கொதிக்கும் காற்றை அது இழுக்கிறது. வெளியே 35 டிகிரி வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் ஊர்ந்து போகும்போது பானட்டுக்கு அடியில் 65 டிகிரி இருக்கலாம். அப்போது 100 பங்கு காற்று போகவேண்டிய இடத்தில் 91 பங்குதான் போகும். சக்தி கூடவேண்டும் என்று காசு கொடுத்து, சக்தியைக் குறைத்துக்கொள்கிறார்கள்!

அகலமான பில்டர் வைத்தால் காற்று தாராளமாக வராதா என்று கேட்கலாம். வரும். ஆனால் ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தும்போதுதான் அதனால் பயன். மற்ற நேரங்களில் அந்தச் சின்னக் கதவு பாதிக்கு மேல் மூடித்தானே கிடக்கிறது? வாசல் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, தெருவை அகலப்படுத்தி என்ன லாபம்? தினமும் ஆபீசுக்குப் போய் வரும் கார், கதவை முழுவதும் திறந்து ஓடுவது எத்தனை நிமிடம்?

மைலேஜ் சங்கதி என்ன? அமெரிக்க அரசின் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடம் இதைச் சோதித்தது. 2009-ல் முடிவை வெளியிட்டது. கார்களின் ஏர் பில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் மூலம் பெட்ரோலைத் தெளிக்கும் புதிய கார்களில், பில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை! காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. வண்டி வேகம் எடுப்பதுதான் மந்தமானது.

அடைத்த பில்டராலேயே மைலேஜ் குறையவில்லை என்றால், சுத்தமான காகித பில்டரைக் கழற்றிவிட்டு வேறு எதை வைத்து மைலேஜைக் கூட்ட முடியும்?

காதுக்கு விருந்து

இருந்தாலும், "மாட்டிய பிறகு வண்டி பறக்கிறது" என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. காது அவர்களை ஏமாற்றுகிறது!

காற்று உள்ளே பாயும்போது உறுமும். அந்த உறுமலை அடக்கத்தான் கம்பெனிக்காரன் பெட்டியும், வழியில் வெற்று அறைகளும் வைத்திருக்கிறான். அவற்றை எடுத்துவிட்டால் உறுமல் நேராகக் காதில் விழுகிறது. சத்தம் கூடியதும், வேகமும் கூடியதாக மனம் நம்பிவிடுகிறது. கடிகாரத்தை வைத்து அளந்து பார்ப்பவர்கள் குறைவு. சின்னக் குடும்பக் காரில் ஒன்றிரண்டு குதிரை சக்தி கூடினாலே பெரிய காரியம்.

பந்தய மைதானத்தில் கதை வேறு. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் சின்ன என்ஜினை வைத்தே பந்தயக் கார்கள் செய்தார். கோவையில் உள்ள கரி மோட்டார் ஸ்பீடுவே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பந்தயக் காரில் ஆக்சிலேட்டர் பெரும்பாலும் தரையோடு அழுந்தியிருக்கும். ஒவ்வொரு பாகமும் மற்றப் பாகங்களுக்கு ஏற்றபடி மாற்றப்படும். அங்கே மூக்கை மாற்றுவதில் அர்த்தம் உண்டு. மளிகைக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய் வரும் காரில் அதற்கு வேலை இல்லை.

மணலைத் தின்னும் என்ஜின்

நம் நாட்டுச் சாலைகளில் தூசிக்குப் பஞ்சம் இல்லை. மலிவான கூம்பு பில்டர் சிலவற்றை வெளிச்சத்தில் பிடித்தால், கண்ணுக்கே ஓட்டை தெரிகிறது! அந்த வழியாக மணல் துகள் உள்ளே போகும். பிஸ்டனும் சிலிண்டரும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் தேயும். அன்றைக்கே தெரியாது. சில ஆண்டுகள் கழித்து ஆயில் குறையும், புகை கக்கும். அப்போது யாருக்கும் பில்டரின் ஞாபகம் வராது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பில்டருக்கு அப்புறம் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால், அந்த மண் என்ஜினுக்குள்ளும் போயிருக்கிறது.

துணி பில்டரைக் கழுவிவிட்டு அளவுக்கு மேல் எண்ணெய் தடவுவதும் தவறு. காற்றை அளக்க மெல்லிய கம்பி வைத்த கார்களில், அந்தக் கம்பியில் எண்ணெய் படிந்து கணக்கு தப்பும். என்ஜின் விளக்கு எரியத் தொடங்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வாகனத்தை மாற்றக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

"ஆர்.சி. புத்தகத்தில் காற்றுக்குழாய் பற்றி ஒரு வரிகூட இல்லையே?" என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதே பெட்டியில் அதே அளவு பில்டர் வைப்பது உதிரி பாகம் மாற்றுவது போலத்தான். பெட்டியையே பிடுங்கி எறிந்துவிட்டு அப்படி வாதாடுவது கடினம்.

கலிபோர்னியாவில் இதற்கு ஒரு தெளிவான வழி செய்திருக்கிறார்கள். புதிய மூக்கால் புகை கூடவில்லை என்று அரசிடம் நிரூபித்துக் காட்டவேண்டும். காட்டினால் அந்தச் சரக்குக்கு ஒரு எண் கொடுப்பார்கள். எண் இல்லாத சரக்கைச் சாலையில் ஓடும் காரில் மாட்டக்கூடாது. வாங்குகிறவனுக்கு நல்ல சரக்கு எது, போலி எது என்பதும் தெரிந்துவிடுகிறது. நம் நாட்டிலும் அப்படி ஒன்று வந்தால் வாலிபர்களும் போலீசாரும் நடுரோட்டில் வாக்குவாதம் செய்யவேண்டி இருக்காது.

மழை வந்தால்?

இனி மூன்றாவது வகை. குளிர்ந்த காற்றுக்கு ஆசைப்பட்டு, குழாயை நீட்டி, பில்டரைப் பம்பருக்குப் பின்னால், சக்கரத்தின் பக்கத்தில் தாழ்வாக மாட்டுவார்கள். வெயில் காலத்தில் இது நல்ல யோசனைதான். ஆனால் சென்னை போன்ற ஊரில் மழைக்காலமும் வருமே?

2015 டிசம்பரிலும், மிச்சாங் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்ததை மக்கள் மறக்கவில்லை. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே, வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள்!

தாழ்வான மூக்கு உள்ள காருக்கு அத்தனை வெள்ளம் தேவை இல்லை. முழங்கால் தண்ணீரே போதும். காற்றோடு தண்ணீரையும் உறிஞ்சிவிடும். காற்றை அமுக்கினால் சுருங்கும். தண்ணீர் சுருங்காது. மேலே ஏறும் பிஸ்டன் தண்ணீரில் மோதி, அதைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். என்ஜினைப் பிரித்துத்தான் சரி செய்யவேண்டும்.

சாதாரண இன்சூரன்சில் இந்தச் சேதத்துக்குப் பொதுவாகப் பணம் கிடைக்காது. என்ஜின் பாதுகாப்புக்கு என்று தனியாகப் பணம் கட்டியிருக்கவேண்டும். கட்டியிருந்தாலும், சொல்லாமல் மாற்றிய குழாயைக் காட்டி கம்பெனி கேள்வி கேட்க இடம் உண்டு. மாதத் தவணையில் கார் வாங்கிய தகப்பனாருக்கு, மகன் ஆயிரம் ரூபாயில் மாட்டிய குழாய் எவ்வளவு பெரிய பில் கொண்டுவருகிறது, பாருங்கள்!

கையில் ஆயிரம் ரூபாய் இருந்தால் புதிய காகித பில்டர் ஒன்று வாங்கலாம். சின்னக் கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான். எப்போது மாற்றவேண்டும் என்று காரோடு கொடுத்த புத்தகத்தில் எழுதியிருக்கும். தூசி அதிகம் உள்ள ஊரில் அதற்கு முன்பே மாற்றவேண்டும். மாற்றும்போது பெட்டியின் கிளிப்புகள் இறுக மூடுகின்றனவா, ரப்பர் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லவேண்டும். பல நாள் நிறுத்தி வைத்த கார் என்றால், பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கவும் கூடும்.

தண்ணீரில் கார் நின்றுவிட்டால் திரும்பச் சாவி போடவே கூடாது. தண்ணீர் உள்ளே போயிருந்தால், அந்த ஒரு திருப்பலிலேயே தண்டு வளைந்துவிடும். காரைத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து, இழுவை வண்டியைக் கூப்பிடவேண்டும். மெக்கானிக் முதலில் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியைத்தான் திறப்பார். காகிதம் காய்ந்திருந்தால் தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகவில்லை. நனைந்திருந்தால், பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகே சாவியைத் தொடுவார்.