மூச்சு வாங்குகிறவரைப் படுக்க வைக்காதீர்கள்!

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் எங்கள் பனமலையில் ஏதாவது ஒரு வீட்டில் ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கு எரியும். யாரோ பெரியவருக்கு இழுப்பு வந்திருக்கும். உடனே என்ன நடக்கும் தெரியுமா? ஒருவர் பாயை விரிப்பார். இன்னொருவர் "படு ஆயா, படு" என்று தோளைப் பிடித்து அழுத்துவார். தெருவே சுற்றி நிற்கும். ஒரு மகராசி சுக்குக் கஷாயத்தோடு வருவாள். எல்லாம் பாசந்தான். ஆனால் மூச்சுக்குத் தவிக்கிறவருக்கு இதில் ஒன்றுகூட உதவாது, சகோதரிகளே!

படுத்தால் வயிறு மேலே தள்ளும். நுரையீரல் விரிய இடம் குறையும். இருதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தவருக்கோ, படுக்க வைப்பது மூழ்கடிப்பது மாதிரி. நிமிர்த்தி உட்கார வையுங்கள். கட்டிலோரமாகக் காலைத் தொங்கவிட்டு, மடியில் இரண்டு தலையணை வைத்து, முழங்கையை அதில் ஊன்றிக் கொஞ்சம் முன்னால் சாயட்டும். ரவிக்கைக் கொக்கி, வேட்டி முடிச்சைத் தளர்த்துங்கள். ஜன்னலைத் திறந்து, கூட்டத்தை வெளியே அனுப்புங்கள். கொசுவத்தி, சாம்பிராணிப் புகை இருந்தால் அணைத்துவிடணும். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். மூச்சு வாங்கும்போது புரை ஏறினால் வேறு வினையே வேண்டாம்.

டாக்டர் அவசரத்துக்கென்று எழுதிக் கொடுத்த பம்பு இருந்தால் நன்றாகக் குலுக்கி, ஒரு அழுத்து, ஒரு இழுப்பு. அரை நிமிஷமாவது விட்டு அடுத்தது. இப்படிப் பத்து வரை கொடுக்கலாம். கை நடுங்குகிறவர்களுக்கு ஸ்பேசர் குப்பி மாட்டிக் கொடுப்பது சுலபம். அடுத்த வீட்டுக்காரர் பம்பைக் கடன் வாங்காதீர்கள்.

சாப்பிடும்போது சட்டென்று பேச்சே நின்று தொண்டையைப் பிடித்துக்கொண்டால் அது இழுப்பு இல்லை, அடைப்பு. முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு ஓங்கித் தட்டணும்.

எப்போது 108-ஐக் கூப்பிடுவது? ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாரித்தால், மார்பு வலித்தால், பம்பு கேட்கவில்லை என்றால் உடனே. விசில் சத்தம் நின்று ஆள் சொக்கினால் "அப்பாடா, தூங்குகிறார்" என்று நினைக்காதீர்கள். அதுதான் பெரிய ஆபத்து. கொரோனாவுக்கு வாங்கிய விரல் மெஷினில் எண் நன்றாக இருக்கிறதே என்று காத்திருக்கவும் வேண்டாம். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அது தப்பாகக் காட்டலாம்.

2008 செப்டம்பரில் நம் மாநிலத்துக்கு வந்த இந்த 108 வண்டிக்குக் காசு கிடையாது. அடையாளம் மட்டும் தெளிவாகச் சொல்லணும். நாங்கள் தாளகிரீஸ்வரர் கோயில் குன்றைச் சொல்லி, எந்தத் தெரு என்று சொல்லுவோம். ஒரு பையனை டார்ச்சோடு ரோட்டில் நிறுத்திவிட்டால் வண்டி தேடி அலையாது.

போன மார்கழியில் எங்கள் தெருக்கோடி ஆயாவுக்கு அப்படித்தான் வண்டி வந்தது. ஆயா பீடியைத் தொட்டதில்லை. ஆனால் ஐம்பது வருஷம் விறகடுப்பும் ஊதாங்குழலும். அந்தப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும், சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட அடைப்பு நோய் நம் பெண்களுக்கு இப்படியும் வருகிறது. வண்டியில் வந்த தம்பியிடம் மருமகள் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினாள். அவர் படித்துவிட்டு ஆக்சிஜனைக் கொஞ்சமாகத் திறந்தார். "நல்லா திறந்து விடுப்பா!" என்று ஒருவர் சத்தம் போட, "பெரியப்பா, இவங்களுக்கு அளவோடதான் குடுக்கணும்" என்றார் தம்பி, விரல் மெஷினைப் பார்த்துக்கொண்டே.

அவர் சொன்னது சத்தியம். இந்த நோய்க்காரர்களுக்கு ஆக்சிஜன் மிஞ்சினால் உடம்பில் கரியமிலவாயு தேங்கி, மயக்கத்தில் கொண்டுபோய் விடும். 88-லிருந்து 92 வரை இருந்தால் போதும். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் பகுதியில் ஆம்புலன்ஸில் ஏற்றிய 405 பேரை வைத்துப் பார்த்து 2010-இல் வெளியிட்டார்கள். தாராளமாக ஆக்சிஜன் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 9 பேர் இறந்தார்கள். அளந்து கொடுத்தவர்களில் 4 பேர்தான். ஆஸ்துமாக்காரருக்கும் நிமோனியாக்காரருக்கும் கணக்கு வேறு. அவர்களுக்கு அளவு கூடத் தேவைப்படும். எந்த நோய் என்று நாம் சொன்னால்தானே வருகிறவருக்குத் தெரியும்? 2021-இல் வீட்டுக்கு வாங்கிப் போட்ட ஆக்சிஜன் மெஷின் இருந்தால், பயத்தில் குமிழை நீங்களாகத் திருகி ஏற்றாதீர்கள்.

நோயாளி வாயால் சொல்ல முடியாத நேரம் அது. அதனால் ஒரு மஞ்சள் பையில் கடைசி டாக்டர் சீட்டு, மாத்திரை அட்டைகள், பம்பு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று எழுதிய தாள், மகன் போன் நம்பர், இவற்றைப் போட்டுக் காலண்டர் ஆணியில் மாட்டி வையுங்கள். செஞ்சி ஆஸ்பத்திரியோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியோ, பை கூடவே போகும். ஆயா அதில் வெற்றிலைப் பெட்டியையும் சேர்த்து வைத்திருக்கிறார். அது அவர் இஷ்டம்.