எங்க ஓட்டை மோப்பம் பிடிக்காதே

தேர்தல் வந்தாப் போதும், முகநூல் பதிவுகளையும் ட்விட்டர் கூச்சலையும் எண்ணி ‘தென்சென்னை யார் பக்கம்’ என்று சோசியம் சொல்ல ஒரு கூட்டம் கிளம்பிவிடுகிறது. எந்தத் தென்சென்னை? மயிலாப்பூர் மாடவீதியும் தி.நகரும் அடையாறும் மட்டுமா? ஆற்றங்கரைகளிலிருந்து பிடுங்கிக் கண்ணகி நகரில் கொட்டப்பட்ட எங்க சனமும் இதே மக்களவைத் தொகுதியில்தான் ஓட்டுப் போடுது. அவங்க கையிலயும் செல்போன் இருக்கு. யாருக்குக் குத்துவோம்னு அதுல எழுதி வைக்க மாட்டாங்க.

2009 ஜெர்மனித் தேர்தல் முடிவை ட்விட்டர் பேச்சே காட்டிவிட்டதாக 2010இல் ஓர் ஆய்வு வந்தது. மற்றவர்கள் கிளறிப் பார்த்தபோது, அங்கே அதிகம் பேசப்பட்ட பைரேட் கட்சியை அந்த ஆய்வு கணக்கிலேயே சேர்க்கவில்லை என்று தெரிந்தது. அக்கட்சி வாங்கிய ஓட்டு 2 சதவீதம்!

கணக்கு தப்பினால் சிரித்துவிட்டுப் போகலாம். சரியாக வந்தால்தான் எனக்குப் பயம். சேரி எந்தச் சின்னத்துக்குக் குத்தும் என்பது ஊருக்குத் தெரியும். 2019 ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளன்றே பொன்பரப்பியில் தலித் வீடுகள் நொறுக்கப்பட்டன. சாவடிவாரியாக முடிவு வெளியாவதால் எண்ணிய பிறகும் காட்டிக்கொடுப்பு தொடர்கிறது. பல சாவடி ஓட்டுகளைக் கலந்து எண்ணும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008லேயே கேட்டது. ஒன்றிய அரசு சம்மதிக்கவில்லை.

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் 2018இல் வெடித்தபோது, 8 கோடிக்கும் மேலான முகநூல் கணக்குகளின் விவரம் கைமாறியிருக்கலாம் என்று முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. சாவடியைத் தாண்டி ஆள்ஆளாக வந்துவிட்டார்கள். மாணவத் தோழர்களே, கருத்துக்கணிப்புக் கம்பெனிக்காகச் சேரிக்குள் நோட்டோடு போகுமுன், அந்தப் பட்டியல் யார் கைக்குப் போகுதுன்னு கேட்டுட்டுப் போங்க.