இரண்டாவது குழந்தை பெண்ணா? பிறந்த பிறகே பேறுகால நிதி

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புதுதில்லி: கருவிலிருக்கும் குழந்தைக்கு ஊட்டம் கிடைக்க வேண்டும் என்ற நோக்கில் நாடாளுமன்றம் 2013-ல் அளித்த உரிமை, அதை நிறைவேற்ற வந்த திட்டத்தின் நிபந்தனைகளால் வெகுவாகச் சுருங்கிப் போயுள்ளது.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் அங்கன்வாடி மூலம் இலவச உணவும், ரூ. 6,000-க்குக் குறையாத பேறுகால நிதியும் உண்டு என்கிறது. அரசு ஊழியர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே நிதியில் விலக்கு. எத்தனையாவது குழந்தை என்ற கேள்வியைச் சட்டம் எழுப்பவில்லை. ஆனால், "மத்திய அரசு வகுக்கும் திட்டங்களுக்கு உள்பட்டு" என்ற சொற்றொடர் அதில் இடம்பெற்றுள்ளது. அந்த வாசல் வழியாகவே நிபந்தனைகள் நுழைந்தன.

2017-ல் நடைமுறைக்கு வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம், முதல் குழந்தைக்கு மட்டும் ரூ. 5,000 என வரையறுத்தது. 2022 ஏப்ரல் முதல் இரண்டாவது குழந்தைக்கு ரூ. 6,000 சேர்க்கப்பட்டது, அதுவும் பெண்ணாக இருந்தால் மட்டுமே, பிரசவத்துக்குப் பின் ஒரே தவணையாக.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் சிறு கடையொன்றில் பணிபுரியும் பெண் இரண்டாவது முறை கருவுற்றால் என்ன ஆகும்? பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் கடை என்றால், 26 வார ஊதிய விடுப்பு பொதுவாக அவருக்குப் பொருந்தாது. திட்ட நிதியோ, பிறப்பது பெண் என்றால்தான் வரும். கருவின் பாலினத்தை அறிவதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எனவே, உதவி வருமா, வராதா என்பது தெரியாமலே அவர் பத்து மாதங்களையும் கடக்க வேண்டும். அங்கன்வாடி உணவு மட்டுமே அவருக்கு உறுதி.

பெண் சிசுவைக் கருவிலேயே அழிப்பதைத் தடுக்க இந்த ஊக்கம் உதவும் என்கிறது அரசுத் தரப்பு. நோக்கம் நியாயமானதே. ஆனால், தாயின் ரத்தசோகை குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் வழிவகுக்கும். பிரசவத்துக்குப் பின் வரும் பணம் அதை ஈடுசெய்யாது.

பிறப்பு எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவே இந்த வரம்பு என்றால், கேரளத்துக்கு அது தேவையற்றது. 1971 ஜூலையில் எர்ணாகுளம் முகாமில் 63 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்து நாட்டின் கவனத்தை ஈர்த்த மாநிலம் அது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி அங்கு கருவுறுதல் விகிதம் 1.8, மக்கள்தொகை நிலைபெறத் தேவையான 2.1-ஐ விடக் குறைவு. அதே மாநிலத்தில் ரத்தசோகையுள்ள கர்ப்பிணிகளின் விகிதம், முந்தைய ஆய்வின் 22.6 சதவீதத்திலிருந்து 31.4 ஆக உயர்ந்தது. தேசிய அளவில் இது 52.2 சதவீதம். குடும்பம் சிறிதானால் தாயின் உடல்நலம் தானே சீராகிவிடும் என்ற நம்பிக்கையை இந்த எண்கள் பொய்யாக்குகின்றன.

தமிழகத்தின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் இரண்டு பிரசவங்கள் வரை, ஆண், பெண் வேறுபாடின்றி, தலா ரூ. 18,000 மதிப்பில் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் வழங்குவது இங்கு குறிப்பிடத்தக்கது. நிதியில் ஒரு பகுதியைப் பாலினம் தெரியும் முன்பே தர முடியும் என்பதற்கு அது சான்று.

மத்திய அரசு செய்ய வேண்டியது புதிய சட்டம் அல்ல. 2013-ல் நிர்ணயித்த ரூ. 6,000-ஐ இன்றைய விலைவாசிக்கேற்ப உயர்த்தி, இரண்டாவது கருவுக்கும் கர்ப்பப் பதிவின்போதே முதல் தவணையை வழங்கினால் போதும். தாங்கள் இயற்றிய சட்டத்தில் உள்ள "ஒவ்வொரு கர்ப்பிணி" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்கும் பொறுப்பு உறுப்பினர்களுக்கு இருக்கிறது.