வர்ணனையாளருக்கு ஒரு பெயர்ப்பலகை

சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் காலமானார் என்று 2020 டிசம்பரில் செய்தி வந்தபோது நான் அழுதேன். "நமக்கு உறவா அத்தை?" என்று மருமகள் கேட்டாள். பெங்களூரிலேயே பிறந்து, கன்னடப் பள்ளியில் படித்த பெண். அவளுக்குக் கிரிக்கெட் என்றால் ஆர்சிபி. வர்ணனை என்றால் டி.வி.யில் நாலு பேர் ஒருவரை ஒருவர் கிண்டலடிப்பது. ரேடியோவில் கிரிக்கெட் சொன்னவர் என்றேன். "அதுக்கா அழறீங்க?" என்றாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவள் வயதுக்காரர்கள் கேட்டுப் பார்க்க நாம் எதையும் எடுத்து வைக்கவில்லையே என்பதுதான் என் குறை.

நான் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் போர்டில் உட்கார்ந்து, முகம் பார்க்காமலே மனிதர்களோடு பழகிய உத்தியோகம். முதல் 'ஹலோ'விலேயே தெரிந்துவிடும், வியாபாரமா, பிரசவச் செய்தியா, சாவுச் செய்தியா என்று. டெஸ்ட் மேட்ச் நடக்கும் நாட்களில் இன்னொரு ரகம் வரும். ஊர் பெயரையும் நம்பரையும் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஸ்கோர் எஷ்டு மேடம்?" என்று கன்னடத்தில் கேட்பார்கள். சொல்லக் கூடாது என்பது விதி. எல்லோரும் சொல்வோம். டிபன் அறையில் ஒரு டிரான்சிஸ்டர் முனகிக்கொண்டே இருக்கும்.

1987 மார்ச்சில் பெங்களூர் சின்னசாமி மைதானத்தில் பாகிஸ்தானோடு நடந்த டெஸ்டின் கடைசி நாளை இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெற்றிக்கு 221 ஓட்டம் வேண்டும். குதிரை மாதிரி எகிறித் திரும்பிய அந்தப் பிட்ச்சில் கவாஸ்கர் 96 வரை இழுத்துக்கொண்டு போனார். அவர் போனதும் கதை முடிந்தது. 16 ஓட்டத்தில் தோற்றோம். கவாஸ்கருக்கு அதுவே கடைசி டெஸ்ட். மைதானம் எங்கள் ஊரில்தான், ஆனால் அதை இங்கிலீஷிலும் இந்தியிலும் மாற்றி மாற்றித்தான் கேட்டோம். அல்சூரிலும் மர்ஃபி டவுனிலும் தமிழ் பேசும் ஆயிரக்கணக்கான வீடுகள் அப்படித்தான் கேட்டன.

தமிழில் கேட்க வேண்டுமென்றால் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்க வேண்டும், நாம் சென்னை வானொலி நன்றாக எடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும். எனக்கு அது வாணியம்பாடியில் மாமா வீடு. 1988 பொங்கலை ஒட்டி நடந்த மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்டை அங்கேதான் கேட்டேன். அறிமுக ஆட்டத்திலேயே 16 விக்கெட் எடுத்தார் ஹிர்வானி. ஸ்டம்பிங் மேல் ஸ்டம்பிங்காகச் செய்தார் கிரண் மோரே. மாமி ஒரு நாளும் கிரிக்கெட் பார்த்ததில்லை. ஆனாலும் ரிச்சர்ட்ஸ் மட்டையைச் சுழற்றிக்கொண்டு நடந்து வருகிறார் என்றதும் கரண்டியை வைத்துவிட்டு ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இது தமிழ் வர்ணனை செய்த வேலை. ராமமூர்த்தி, கூத்தபிரான், அப்துல் ஜப்பார் என்று அந்தக் காலத்தில் ஒரு வரிசையே இருந்தது. கூத்தபிரான் குழந்தைகளுக்கு வானொலி அண்ணா. ஜப்பார் வானொலி நாடகங்களில் பழகிய குரல். யாரும் இந்திய அணிக்கு ஆடியவர்கள் இல்லை. ஆடாததனால்தான், ஆட்டம் தெரியாத மாமிக்கும் விளங்கும்படி சொன்னார்கள் என்று எனக்குத் தோன்றும்.

இதில் இருக்கும் தொழில்நுணுக்கத்தை எங்கள் போர்டு வேலை செய்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். வானொலியில் நிமிடத்துக்கு ஒருவர் புதிதாக வந்து சேருகிறார். வயலிலிருந்து வந்தவர், கடையைத் திறந்தவர், பஸ்ஸிலிருந்து இறங்கியவர். யார் ஆடுகிறார்கள், எத்தனை விக்கெட், எவ்வளவு ஓட்டம் என்பதை அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். பந்து வீச்சாளர் எந்த முனையிலிருந்து ஓடி வருகிறார், ஸ்லிப்பில் எத்தனை பேர், லாங்-ஆனில் யார் என்று மைதானத்தை வாயாலேயே வரைய வேண்டும். இரண்டு பந்துகளுக்கு நடுவில் உள்ள வெற்று நேரத்தை நிரப்பவும் வேண்டும், சரியான இடத்தில் நிறுத்தவும் வேண்டும்.

அந்த நிறுத்தத்துக்குப் பேர் போனவர் அமெரிக்காவின் வின் ஸ்கல்லி. அங்கே பேஸ்பால்தான் நம்ம ஊர் கிரிக்கெட். டாட்ஜர்ஸ் அணிக்காக 1950 முதல் 2016 வரை 67 பருவங்கள் வர்ணனை செய்தவர். 1974இல் ஹேங்க் ஆரன் தன் 715ஆவது ஹோம் ரன் அடித்து பேப் ரூத்தின் சாதனையைத் தாண்டியபோது, பந்து போனதைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். கூட்டத்தின் சத்தமே பேசட்டும் என்று விட்டுவிட்டார். 1958இல் அணி லாஸ் ஏஞ்சலீஸுக்கு இடம் மாறிய புதிதில், ராட்சத மைதானத்தில் எட்ட உட்கார்ந்தவர்கள் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே டிரான்சிஸ்டரில் அவரையும் கேட்டார்களாம். 2022 ஆகஸ்ட் 2 அன்று 94 வயதில் அவர் இறந்தபோது மைதான வாசலில் பூக்கள் குவிந்தன. பூ வைக்க ஓர் இடமும் அங்கே இருந்தது. மைதானத்துக்குப் போகும் சாலைக்கு 2016இலேயே, அவர் உயிரோடு இருக்கும்போதே, வின் ஸ்கல்லி அவென்யூ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நமக்கும் அழத் தெரியும். எதிரிக்காகக்கூட அழுவோம். 1977இல் டோனி கிரெய்க் இங்கிலாந்து கேப்டனாக இதே சின்னசாமி மைதானத்தில் 140 ஓட்டத்தில் தோற்றபோது ஊர் கொண்டாடியது. பிறகு அதே கிரெய்க், 1998 ஷார்ஜாவில் டெண்டுல்கர் ஆடியதை மைக்கில் கூவிக் கூவிச் சொல்லி நம் வீட்டு மனிதராகிவிட்டார். 2012 டிசம்பர் 29 அன்று அவர் சிட்னியில் இறந்தபோது, 77இல் கைதட்டிய என் அண்ணன் அன்று முழுக்கப் பேசவில்லை. டீன் ஜோன்ஸ் கதை இன்னும் கொடுமை. 1986இல் சேப்பாக்கத்து வெயிலில் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்து, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்ட மனிதர். அந்த டெஸ்ட் டை ஆனது. ஐபிஎல் வர்ணனைக்காக மும்பை வந்த இடத்தில் 2020 செப்டம்பர் 24 அன்று மாரடைப்பில் போய்விட்டார். அன்று இரவே துபாயில் நம்ம ஊர் கே.எல். ராகுல், பஞ்சாபுக்காக 132 அடித்து ஆர்சிபியை நொறுக்கினார். மறுநாள் எஸ்.பி.பி. இறந்தார். அதற்குமேல் ஜோன்ஸை நினைக்க யாருக்குத் தெம்பு இருந்தது? எனக்கும் இல்லை.

அடுத்த மூன்றாம் மாதம் ஜப்பார். கொரோனா காலம்; யாரும் யார் வீட்டுக்கும் போகாத நேரம். என்னோடு போர்டில் இருந்து ஓய்வு பெற்ற தோழி கோவையிலிருந்து போன் செய்தாள். மஸ்கட்டில் இருக்கும் தம்பி மகன் போன் செய்தான். லண்டனிலிருந்து ஒலித்த ஐபிசி தமிழ் வானொலி வழியாக இலங்கைத் தமிழர்களுக்கும் அவர் குரல் பழக்கம். இத்தனை நாடுகளில் கேட்ட குரலுக்கு, அது புறப்பட்ட சேப்பாக்கம் மைதானத்தில் ஒரு கதவில்கூடப் பெயர் இல்லை.

சின்னசாமி மைதானம் மங்களம் சின்னசாமி என்ற நிர்வாகியின் பெயரில் இருக்கிறது. சேப்பாக்கம் எம்.ஏ. சிதம்பரம் பெயரில் இருக்கிறது. கட்டிக் காத்தவர்கள், இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மைதானத்துக்கு வர டிக்கெட் காசு இல்லாத லட்சக்கணக்கான பேருக்கு மைதானத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? சேப்பாக்கத்தின் வானொலி வர்ணனை அறைக்கு அப்துல் ஜப்பார் பெயரை வைக்க வேண்டும். 'அவர் முன்னாள் வீரர் இல்லையே' என்று யாராவது சொல்வார்கள். வர்ணனை அறைக்கு வர்ணனையாளர் பெயர் வைக்க வேறு என்ன தகுதி வேண்டும்? தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு இதில் ஆகும் செலவு ஒரு பெயர்ப்பலகை. பெங்களூரிலும், இங்கிருந்து கன்னடத்திலோ இங்கிலீஷிலோ வானொலியில் பேசிய ஒருவரின் பெயரைக் கர்நாடக சங்கம் தேடி எடுத்து வைக்கலாம்.

அதைவிடப் பெரிய வேலை ஆகாசவாணியுடையது. தன் காப்பகத்திலிருந்து பழைய கச்சேரிகளைக் குறுந்தகடுகளாக வெளியிட்ட நிறுவனம் அது. கச்சேரிக்கு இருக்கும் மரியாதை நேர்முக வர்ணனைக்கும் வேண்டும். தமிழ் வர்ணனை ஒலிப்பதிவுகளைப் பொதுவில் வையுங்கள். அரை மணி நேரம் கேட்டால் போதும், என் மருமகளுக்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. அந்த நாட்களில் டேப் ரெக்கார்டரை ரேடியோ முன்னால் வைத்து வர்ணனையைப் பிடித்து வைத்தவர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். சினிமாப் பாட்டு கேசட்டின் மறுபக்கத்தில்கூட ஒரு சேப்பாக்கம் டெஸ்ட் இருக்கலாம். பரணில் அப்படி ஏதாவது கிடந்தால் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நாடா பூஞ்சை பிடித்திருந்தால் நீங்களே ஓடவிட்டுப் பார்க்காமல், டிஜிட்டலாக மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஒரு பிரதியைச் சென்னை வானொலி நிலையத்துக்கும் அனுப்பி வையுங்கள்.